‘வந்து சேர்’ என்ற ஸ்பானிய வினைச்சொல்

ஸ்பானிய மொழியில் நான் பேசிய முதல் முழு வாக்கியம் ஒரு பொய். இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் கிடையாது. எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்குச் சாதகமான சொல் ஏதாவது நடுவில் நுழைந்தால் அடித்துவிடுவேன். ஏற்கெனவே இரண்டு தாள் அப்படிக் கிழிந்தாயிற்று.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த ஆண்டுகளில் நான் கல்வராயன் மலையில், கரியாலூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். என் ஊர் நைனார்பாளையம். கிணறும் நிலமும் உள்ள குடும்பம். அதே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்த இன்னொருவர் மணலூர்பேட்டைப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் கரும்பு வெட்டியும் அவரைப் படிக்க வைத்தவர்கள். இருவருக்கும் ஒரே அறை, ஒரே அடுப்பு. கீழே ஊரில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. மலையில் நடந்தது. குழம்பு அவர் வைப்பார், சோறு நான் வடிப்பேன். ஆனால் என் அப்பா என்னைப் பார்க்க மலைக்கு வரும் நாட்களில், அவரைப் பள்ளிக்கூடத்திலேயே படுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன். அவரும் காரணம் கேட்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டு போவார். அவர் என்னைவிட ஒரு மாதம்தான் இளையவர். என்னை ‘வாங்க, போங்க’ என்பார். நான் அவரை ‘வாய்யா, போய்யா’ என்பேன். இப்போது எழுதும்போது ‘அவர்’ என்றுதான் வருகிறது. அப்போது வரவில்லை.

பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சின்ன மருத்துவ நிலையம் இருந்தது. அதை நடத்தியவர் ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த ஒரு நர்ஸ். மலைச் சனங்கள் அவரை ஊசியம்மா என்றார்கள். அந்த அம்மாள் ஒருநாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவருடைய ஊரில் விவசாயிகள் கூட்டுறவாக நடத்தும் ஒரு பள்ளி இருக்கிறதாம். விளைந்ததை ஒன்றாகச் சேர்த்துவைத்து ஒன்றாக விற்கும் முறையை அங்கே கற்றுக்கொள்ள, இந்த மலையிலிருந்து ஓர் ஆசிரியரை ஒரு வருடம் அழைத்துக்கொள்வார்கள். கற்றுக்கொண்டு வந்து இங்கே அதைத் தொடங்க வேண்டும். பாடம் ஸ்பானிய மொழியில் என்பதால் கொஞ்சமாவது பேசத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று மாதம் தானே சொல்லித்தருவதாகவும், பிறகு அங்கிருந்து ஒரு பெரியவர் கள்ளக்குறிச்சிக்கு வந்து எங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார் என்றும் சொன்னார்.

ஓர் இடம். இரண்டு பேர்.

ஊசியம்மா வாய்பாடு மாதிரி ஒரே ஒரு வினைச்சொல்லை எடுத்தார். ‘யேகார்’. வந்து சேர்தல். ஏன் அந்தச் சொல் என்று கேட்டதற்கு, “இந்த மலையில் நான் தினமும் பேசுவது அதைத்தானே, பஸ் வருகிறதா, மருந்து வருகிறதா என்று” எனத் தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். ஒன்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் அதே சாயலில் உள்ள நூற்றுக்கணக்கான சொற்கள் தானாக வந்துவிடுமாம். சொல்லின் வாலை மட்டும் மாற்ற வேண்டும். யேகோ, வந்து சேர்கிறேன். யேகாஸ், சேர்கிறாய். யேகா, சேர்கிறான், சேர்கிறாள், சேர்கிறது, மூன்றுக்கும் அதுவே. யேகாமோஸ், சேர்கிறோம். யேகாய்ஸ், சேர்கிறீர்கள். யேகான், சேர்கிறார்கள். நிகழ்காலம் அவ்வளவுதான்.

நான் ஆங்கில இலக்கியம் படித்தவன். ஆங்கிலத்தில் முன்னால் ‘நான்’ போடாமல் வாக்கியம் நிற்காது. அந்தப் பழக்கத்தில், ஸ்பானிய மொழியில் ‘நான்’ என்று பொருள்படும் ‘யோ’வை ஒவ்வொரு முறையும் முன்னால் போட்டேன். யோ யேகோ, யோ யேகோ. “யோ வேண்டாம், வாலிலேயே இருக்கிறது” என்று அம்மாள் தலையில் அடித்துக்கொள்வார். அங்கே பெருக்கித் துடைக்க கச்சிராயபாளையத்திலிருந்து வந்த ஓர் அக்காள் இருந்தாள். அவளுக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

“இன்னா சார் இது? ஊசி போடற அம்மாவப் போயி யோவ் யோவ்னு கூப்புட்டுக்கினு! மரியாத வாணாம்?”

என் நண்பர் சிரிக்காமல் சொன்னார்: “அவரு அம்மாவக் கூப்புடலக்கா. தன்னத்தானே கூப்புட்டுக்கினு இருக்காரு.”

அவருக்கு அந்த ‘யோ’ ஒருமுறைகூட வரவில்லை. ஒரு பழைய அட்டையில் ஸ்பானிய வால்களை ஒரு பக்கமும் தமிழ் வால்களை இன்னொரு பக்கமும் எழுதிச் சமையலறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். “பாருங்க, நம்மளும் வந்து சேர்றேன்னா போதும், நான்னு தனியா சொல்லத் தேவயில்ல. அவங்களும் அப்டிதான். இங்கிலீஷ்தான் நடுவுல வந்து கொழப்புது” என்றார். அதன் பிறகு எனக்கும் வழி தெரிந்தது. அதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார் என்பதை இங்கே எழுத வேண்டும்.

ஒருநாள் அவர் அம்மாளிடம் ஒரு கேள்வி கேட்டார். யேகாமோஸ் என்றால் நாமா, நாங்களா? எதிரில் நிற்பவரைச் சேர்த்தா, சேர்க்காமலா? அம்மாளுக்குக் கேள்வியே புரியவில்லை. என் நண்பர் மண்ணில் ஆட்களை வரைந்து வட்டம் போட்டுக் காட்டினார். இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்று அம்மாள் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் நான், “நல்லதுதானய்யா, தகராறே இல்ல” என்றேன்.

“அது பேசறவரு மனசப் பொறுத்ததுங்க” என்றார்.

ஒன்றை மட்டும் அவர் மிகவும் விரும்பிச் செய்தார். காலையில் நான் ஊற்றுத் தண்ணீரில் குளித்துவிட்டு வரும்போது வாசலில் நின்றுகொண்டு “யேகாஸ்!” என்பார். நீ வந்து சேர்கிறாய். தமிழில் என்னை ஒருநாளும் ‘நீ’ என்று சொல்லாதவர், அந்த மொழியில் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரிப்பார். எனக்கும் அது பிடித்திருந்தது. மற்றவர் காதில் விழாதவரை.

அந்த மூன்று மாதம் படித்ததைப் போல் நான் வேறெப்போதும் படித்ததில்லை. முகம் மழிக்கும்போது, பிள்ளைகள் கணக்குப் போடும்போது, கொய்யா மரத்தடியில் நிற்கும்போது, உதடு அசைந்துகொண்டே இருந்தது. போயே தீருவது என்று முடிவு செய்திருந்தேன். அதே அளவு தீர்மானம் அவருக்கும் இருந்தது. ஒரு வித்தியாசம், அவர் என்னைவிட நன்றாகப் பேசினார். இது எனக்கும் அம்மாளுக்கும் தெரியும்.

அப்போதுதான் கீழே மறியல் தொடங்கியது. என் பக்கத்துச் சனங்கள் படிப்பிலும் வேலையிலும் தங்களுக்கென்று தனிப் பங்கு கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். சாலையோரப் புளிய மரங்கள் சாய்ந்தன. அறையில் ஒருநாள் நான் கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டேன்.

“உங்களுக்கு ஏற்கெனவே இருக்குது. எங்களுக்குக் கேட்டா மட்டும் எல்லாருக்கும் வலிக்குது.”

“நான் எங்கங்க வாணாம்னேன்? கேளுங்க. மரத்த வெட்டாம கேளுங்க. நெழலு எல்லாருக்கும் ஆவும்.”

அன்றிலிருந்து ஓர் எண்ணம் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. அவருக்கு வேறு வழிகள் இருக்கின்றன, எனக்கு இந்த ஓர் இடம்தான். சனங்களின் நியாயத்தை எடுத்து என் சொந்த ஆசைக்கு மூடியாகப் போட்டுக்கொண்டேன். அந்த வேலையை மறியல் செய்தவர்கள் யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

பெரியவர் வரும் நாள் வந்தது. ஒரே நாள்தான் இருப்பார், பொழுது சாய்வதற்குள் புதுச்சேரிக்குத் திரும்பிவிடுவார் என்று தகவல். ஊசியம்மாவால் வர முடியவில்லை. ஒரு பிரசவம் சிக்கலாக இருந்தது. நாங்கள் இருவரும் விடியற்காலை பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கினோம். மறியலால் கச்சிராயபாளையத்தோடு பஸ் நின்றுவிட்டது.

“இதுக்கு மேல டயர் உருளாதுங்க. நடராஜா சர்வீசுதான்” என்றார் கண்டக்டர்.

வாடகை சைக்கிள் கடையில் ஒரு சைக்கிள்தான் இருந்தது. கடைக்காரர் முன்பின் தெரியாத எனக்குத் தர மறுத்தார். என் நண்பர் அவருக்குப் பழக்கம். அவர் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு சைக்கிளைத் தந்தார். மாறி மாறி மிதித்தோம். பின்னால் உட்கார்ந்தவர் ஒரு வடிவம் சொல்ல வேண்டும், மிதிப்பவர் அடுத்தது சொல்ல வேண்டும். யேகோ, யேகாஸ், யேகா. புரட்டாசி மழை பெய்து ஓய்ந்த சாலை. இரு பக்கமும் ஆள் உயரக் கரும்பு.

பாதி வழியில் பெரிய புளிய மரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே கிடந்தது. முப்பது பேர் இருக்கும். ஓரமாக ஒரு அண்டாவில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அப்போது மிதித்துக்கொண்டு வந்தவர் அவர். நிறுத்தி இறங்கினோம்.

“எந்த ஊரு?” என்று என்னைக் கேட்டார்கள்.

“நைனார்பாளையம்.”

“அங்க யாரு வூடு?”

சொன்னேன். முண்டாசு கட்டிய ஒருவர் கிளையைத் தாண்டி வந்தார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

“அட, நம்ம அக்கா மவன்டா! இன்னா மாப்ள, மலையிலேர்ந்து எறங்கிக்கினு வர்ற?”

“பரீட்ச மாமா. கள்ளக்குறிச்சி போவணும்.”

“வாத்தியாருக்கே பரீட்சயா? அப்ப புள்ளைங்க வெளங்கிடும்!”

எல்லாரும் சிரித்தார்கள். என் நண்பரும் சிரித்தார். ஒருவன் அவர் பக்கம் திரும்பினான்.

“நீங்க எந்த ஊரு?”

“மணலூர்பேட்ட பக்கம்ங்க.”

“பக்கம்னா? எந்தத் தெரு?”

எங்கள் பகுதியில் ஊரைக் கேட்பது பேச்சுக்கு. தெருவைக் கேட்பதுதான் கேள்வி. அவர் பொய் சொல்லவில்லை. தெருவைச் சொன்னார். சிரிப்பு நின்றது. முந்தின நாள்தான் பக்கத்து ஊரில் இரு தரப்புக்கும் கைகலப்பு ஆகியிருந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை, தொடவில்லை. ஆனால் வழியும் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாமா என்னைப் பார்த்துக் கேட்டார்:

“மாப்ள, இவரு உங்கூட வந்தவரா?”

இதற்கும் எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. உறவுக்காரனோடு கூட வந்தவர் யாராக இருந்தாலும் அவர் அந்த உறவுக்காரன் பொறுப்பு. அவரை மறிக்க மாட்டார்கள். மறித்தால் அது உறவுக்காரனை மறித்ததாகும். ‘ஆமாம் மாமா’ என்ற இரண்டு சொல் போதும்.

“அவரா? வழியில சைக்கிள்ல ஏறிக்கினாரு மாமா” என்றேன்.

என் நண்பர் சைக்கிள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

“ஆமாங்க. வழியிலதான் ஏறிக்கினேன்” என்றார்.

என் பொய்யை அவர் அப்படித் தாங்கிப் பிடித்தார். இரண்டு பேர் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். “நல்லா எழுது மாப்ள!” என்றார் மாமா. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பெடலை அழுத்த அழுத்த ஆறு வடிவங்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். அவருக்காக இரங்கி அழுதேன் என்று முதல் தாளில் எழுதியிருந்தேன். அழவில்லை. பரீட்சையில் தடுமாறக் கூடாது என்பதுதான் மனதில் இருந்தது.

கள்ளக்குறிச்சியில் கடைகள் எல்லாம் ஷட்டர் இறக்கியிருந்தன. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் கீழ் அறையில் அந்த ஸ்பெயின் பெரியவர் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் இரண்டு பெயர் எழுதிய ஒரு தாள். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் கதவுப் பக்கம் பார்த்தார்.

“இ எல் ஓத்ரோ? யேகா?”

இன்னொருவர்? வருகிறாரா?

புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு நன்றாகப் புரிந்தது.

“நோ யேகா” என்றேன். வரவில்லை.

யோ போடவில்லை, வாலைப் பிசகவில்லை. பெரியவர் முகம் மலர்ந்து “பியேன், பியேன்” என்றார். நல்லது என்று பொருள். பென்சிலால் மற்றப் பெயரின்மேல் ஒரு கோடு போட்டார். அதன் பிறகு அரை மணி நேரம் ஏதேதோ கேட்டார், நானும் ஏதேதோ சொன்னேன். கடைசியில் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு உறையில் வைத்து ஒட்டினார்.

ஜீப் வர நேரமானது. மூன்றரை மணிவாக்கில் அது வந்து, பெட்டியை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, லாட்ஜ் வாசலில் என் நண்பர் வந்து நின்றார். கரும்புக் கொல்லைகளுக்குள் புகுந்து, கோமுகி ஆற்றுக் கரையோடு நடந்தே வந்திருக்கிறார். முழங்கால் வரை சேறு. கையிலும் கழுத்திலும் கரும்புச் சோகை கீறிய கோடுகள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. வாசல் குழாயில் கையை மட்டும் கழுவிக்கொண்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு, பெரியவர் முன்னால் வந்து நிமிர்ந்து நின்றார்.

“சென்யோர், யேகோ தார்தே.”

ஐயா, தாமதமாக வருகிறேன்.

என் வாயில் அந்தச் சொல் அவ்வளவு அழகாக ஒருநாளும் வந்ததில்லை. பெரியவர் திகைத்துப்போனார். என்னைச் சுட்டிக்காட்டி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார், இவர் சொன்னாரே, ‘நோ யேகா’ என்று.

அந்த வாசலில் அது மூன்று பேருக்குத்தான் புரிந்த பேச்சு. லாட்ஜ் மேனேஜரும் டிரைவரும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறியலில் நான் சொன்னதை என் நண்பர் பயம் என்று எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். இதை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே என்னை யாரும் மறிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு பெரியவரிடம் திரும்பி, சரி என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார். உலுந்தூர்பேட்டைச் சாலையில் மரம் விழுவதற்குள் போக வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்தினார். பெரியவர் என் நண்பரின் கீறல் விழுந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டு ஏறிக்கொண்டார். உறை அவர் பைக்குள் இருந்தது.

ஜீப் போன பிறகு என் நண்பர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“சைக்கிள் சாவி குடுங்க. கடக்காரரு எம்பேர்லதான் எழுதினாரு.”

கொடுத்தேன். ஏறி மிதித்துப் போனார்.

அடுத்த வாரம் அவர் வேறு அறைக்கு மாறிக்கொண்டார். சுவரில் இருந்த அட்டையை எடுத்துப்போகவில்லை. நான் ஸ்பெயினுக்குப் போனேன், ஒரு வருடம் இருந்தேன். ரயில் வந்து சேர்கிறது, மழை வந்து சேர்கிறது, கடிதம் வந்து சேர்கிறது என்று அந்த ஊரில் யாராவது ஒருவர் தினமும் அந்த வினையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். திரும்பி வந்ததும் மலைக்குப் போக வேண்டும் என்பது ஒப்பந்தம். போகவில்லை. அந்தச் சான்றிதழைக் காட்டி வேறு ஊரில் ஒரு கல்லூரியில் வேலை வாங்கிக்கொண்டேன். மலையில் தேனையும் கடுக்காயையும் புளியையும் ஒன்றாகச் சேர்த்துவைத்து விற்கும் வேலையை, ஊசியம்மாவிடம் கேட்டுக் கேட்டு என் நண்பரே தொடங்கினார். நான் படித்துவிட்டு வந்து செய்ய வேண்டியதை அவர் போகாமலேயே செய்து, ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார்.

போன வருடம்தான் அவர் வீட்டைத் தேடிப் போனேன். மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில், அவர் அன்றைக்குச் சொன்ன அதே தெரு. வாசலில் உட்கார்ந்து, எங்கள் பக்கம் மல்லாட்டை எனும் வேர்க்கடலையை உடைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“யேகாஸ் தார்தே” என்றார்.

தாமதமாக வருகிறாய். அத்தனை வருடம் கழித்தும் அந்த ‘நீ’ அந்த மொழியில்தான் வந்தது. நாற்காலி போட்டார். அவருடைய மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். நான் தயார் செய்து வந்ததை எல்லாம் சொன்னேன், இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்பதையும் சொன்னேன். அவர் மல்லாட்டை உடைப்பதை நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே வந்து சொன்னா இன்னாங்க பிரயோசனம்? மன்னிப்பும் வாணாம், ஒண்ணும் வாணாம். அந்த மரத்தாண்ட நின்ன உங்க மாமா இருக்காரா?”

“இருக்காரு. வயசு ஜாஸ்தி ஆயிடுச்சு.”

“அவருகிட்ட போயி, அவரு எங்கூட வந்தவருதான்னு சொல்லுங்க. அங்கதான் சொல்லாம வுட்டீங்க.”

மறுநாளே போனேன். மாமா வீட்டுக் கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர் இருவர், எல்லாரும் இருந்தார்கள். ஆள் குறையட்டும் என்று காத்திருக்கவில்லை.

“மாமா, அன்னிக்கு மறியல்ல எங்கூட ஒருத்தரு சைக்கிள்ல வந்தாரே, அவரு வழியில ஏறினவரு இல்ல. எங்கூட வந்தவருதான்.”

“எவரு? எப்ப?”

அவருக்கு நினைவில்லை. விட்டுவிட்டு வரவில்லை. மரம், அண்டாச் சோறு, பரீட்சை, கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், லாட்ஜ், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். எந்தத் தெரு என்பதையும் சொன்னேன். கூடத்தில் யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள். மாமா கடைசி வரை கேட்டார்.

“ஏன்டா மாப்ள, கூட வந்தவருன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா வுட்டிருப்போமேடா. நாங்க இன்னா புலியா, சிங்கமா?”

அங்கிருந்து நேராக மணலூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். என் நண்பர் அதே இடத்தில் இருந்தார்.

“சொன்னீங்களா?”

“சொன்னேன். எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன்.”

“இன்னா சொன்னாரு?”

“சொல்லியிருந்தா வுட்டிருப்போம்னாரு.”

“தெரியும். அவரு அத்தக் கேட்டதே அதுக்குத்தானே. எனக்கு அப்பவே தெரியும்.” கையில் இருந்த தோலை முறத்தில் போட்டார். “உங்களுக்கும் தெரியும்.”

பயந்துவிட்டேன் என்று என் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவந்திருக்கிறேன். அவரிடமும் முந்தின நாள் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

“ஆமா. எனக்கும் அப்பவே தெரியும்” என்றேன்.

“ம். அத்தச் சேத்து எழுதுங்க” என்றார்.

சேர்த்து எழுதிவிட்டேன்.